முன்னாடி போயிட்டாக

கம்பம்,
மார்கழி, 1974

பூமாரி அப்பாவுக்கு,

சொல்லாமல் ஏலத்தோட்டத்துக்கு வந்திருந்தேன். உங்கள் குவார்ட்டர்ஸ் கொடியில், உங்கள் வேட்டிக்குப் பக்கத்தில் யாருடைய சேலையோ காய்ந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன்.

குமுளியில் ஜீப்புக்காரர் கூப்பிட்டும் ஏறவில்லை. மலைப்பாதையில் தனியாக நடந்தே இறங்கினேன். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் குதிகாலைப் பார்த்தே நடந்தவள் நான். அன்றுதான் பாதை கண்ணில் பட்டது. மேலே அழுதேன், பாதி மலையில் உங்களை வாய்விட்டுத் திட்டினேன், கீழே வரும்போது மனசு கழுவிவிட்டதுபோல் இருந்தது.

மலையடிவாரத்து லோயர் கேம்ப் டீக்கடை அம்மா கேட்டாள்: "தனியாவா வாரே ஆத்தா? வீட்டுக்காரர் எங்கன?"

எங்கே போனாலும் என்னை விட்டுவிட்டு நடக்கிறவர்தானே நீங்கள். வாய்ப்பழக்கத்தில், "அவுக முன்னாடி போயிட்டாக" என்றேன்.

வேர்வையில் பொட்டு அழிந்திருந்த என் நெற்றியைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். "இந்தச் சின்ன வயசுலயா!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீங்கள் செத்துவிட்டதாக நினைத்துவிட்டாள். நான் திருத்தவில்லை. இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடச் சொல்லிக் குடித்தேன்.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். வந்தால் அந்தக் கடையில் இறங்கி, யாருடைய புருஷன் என்று சொல்லிவிடாதீர்கள். பாவம், அந்த அம்மா பயந்துவிடுவாள்.

இப்படிக்கு,
பின்னால் நடந்தவள்