கையெழுத்து இல்லாத கிடார்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. உன் தங்கைக்குக் கிடார் வாங்கியாகிவிட்டது, நீ பணம் அனுப்ப வேண்டாம். நீ கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறவள் என்பதால் இதை முதலில் எழுதிவிட்டேன், இனிமேல் சுகம் விசாரிக்கலாம். நான் சுகம். அப்பா முழங்காலைத் தவிர மற்ற இடமெல்லாம் சுகம். உன் வறட்டு இருமல் நின்றதா, மருந்தைப் பாதி பாட்டிலோடு நிறுத்திவிட்டாயா என்று எழுது. போனில் சொன்னால் குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். வீட்டு முன்பணத்துக்கு என்று மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருப்பதை உடைத்து அந்தப் பெரிய கிடாரை வாங்கித் தருகிறேன் என்று அவளிடம் சொன்னாயாமே. மனசு நல்ல மனசுதான். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளிடம் சொன்னது தப்பு. ஆசைப்பட்டவளிடம் எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டால் பிறகு கடைக்காரனிடம் விலை பேச யாருக்கும் வாய் இருக்காது.

நடந்தது இதுதான். சின்னவள் கண்ணாடிக் கடையில் வேலை முடிந்ததும் ஓர் இசைக்குழுவோடு வாசிக்கப் போகிறாள் என்று முன்பே எழுதியிருந்தேன். ஐந்து பேர், தலைவனை எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிடுகிறார்கள், தாடி அப்படி ஒன்றும் பெரிதில்லை. அவர்களுக்கு ஒரு ஹோட்டலில் ஆறு வாரம் தினமும் வாசிக்க வேலை கிடைத்திருக்கிறது. இவளுடைய பழைய கிடாருக்குக் கழுத்து வளைந்துவிட்டது, சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினால் மிதிபட்ட பூனை மாதிரி கத்துகிறது. தாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, “வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள உருப்படியா ஒரு கிடாரோட வா, இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன், அப்புறம் வருத்தப்படாதே” என்று சொல்லிவிட்டான். நாலு வருஷம் ஆள் வராத நாளில் மாற்றாகப் போய் வாசித்து இப்போதுதான் கிடைத்த இடம். இவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன கிடார் வேண்டும் என்று கேட்டால் போனில் ஒரு படத்தைக் காட்டுகிறாள். யாரோ பெரிய வாசிப்புக்காரர் பெயரில் வரும் சிக்னேச்சர் கிடாராம். விலை அவளுடைய பதினோரு மாதச் சம்பளம். அப்பா காது மெஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “பழைய கிடாரே நல்லாத்தானே இருக்கு” என்றார், அவர் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் நம் பட்டன் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு நானும் அவளோடு கிடார் கடைக்குப் போனேன். போன இடத்தில் ஒரு தப்புச் செய்தேன், அதை மறைக்க வேண்டியதில்லை. நம் பட்டன் ஜிப் வியாபாரத்தில் தையல் கம்பெனிக்காரர் ஒரு பட்டனைப் பார்த்து இது சரி என்றால் அதை அட்டையில் தைத்துக் கையெழுத்துப் போட்டுத் தருவார் இல்லையா. அதற்குப் பிறகு நாம் அனுப்பும் பத்தாயிரம் பட்டனும் அந்த அட்டைக்கு ஒத்துப்போனால் போதும், கையெழுத்துப் போட்ட அட்டையைக் கொண்டுபோய் யாரும் சட்டையில் தைக்க மாட்டார்கள். சிக்னேச்சர் கிடார் என்றதும் இதுவும் அப்படித்தான், பெரியவர் வாசித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட மாதிரிச் சரக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அது தொங்கியது. கழுத்தில் டை கட்டிய விற்பனைக்காரரிடம், “கையெழுத்துப் போட்ட மாதிரி அங்கேயே இருக்கட்டும் சார், அதுக்கு ஒத்துவர்ற சரக்கை எடுங்க” என்றேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “மேடம், மாதிரியெல்லாம் இல்ல, இதுவேதான் சரக்கு, அவர் கையெழுத்தே இருக்கு பாருங்க” என்று காட்டினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், அச்சு. “இந்தக் கையெழுத்தை பாங்குல குடுத்தா செக்கைத் திருப்பி மூஞ்சியிலேயே எறிவான்” என்றேன். சின்னவள் என் முழங்கையைக் கிள்ளி, “அம்மா, மானத்தை வாங்காம கொஞ்சம் சும்மா இரேன்” என்றாள். அப்போது கடையின் பின்பக்கம் மேஜைவிளக்குக்குக் கீழே ஒரு கிடாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த ரிப்பேர்காரர் தலையைத் தூக்கினார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்ததால் அவருக்கு நெற்றிக்கண்ணர் என்று அந்த நிமிஷமே பெயர் வைத்துவிட்டேன். “அக்கா கேக்கறதுல தப்பே இல்ல. ஒத்துவர்ற சரக்கு இருக்கு. எதுல ஒத்துவரணும்னு அவங்கதான் சொல்லணும்” என்றார்.

உன் தங்கைக்கு அதற்குள் கண் கலங்கிவிட்டது. “உனக்கு எப்பவுமே இதேதான். எங்க ஸ்வெட்டர்ல மூணு பட்டன் ஒரு நிறம், ரெண்டு பட்டன் ஒரு நிறம். ஒரு தடவையாவது முதல் தரமா ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கியா?” என்று அந்த டைக்காரர் முன்னாலேயே கேட்டாள். கழித்துப் போட்ட சரக்கில்தான் உங்கள் இருவரையும் வளர்த்தேன், அதற்கு வெட்கமும் இல்லை, ஆனால் அவள் சொன்னது பொய்யும் இல்லை. பொய்யில்லாத பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசுவது வீண் வேலை. சத்தத்துக்குத்தானே பதினோரு மாதச் சம்பளம் கேட்கிறார்கள், அப்படியானால் கண்ணால் வாங்காதே, காதால் வாங்கு என்று சொல்லி அவளைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தேன். நெற்றிக்கண்ணர் நாலு கிடாரில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாட்டை ஒரே ஒலிபெருக்கிப் பெட்டியில் வாசித்தார். எல்லாம் எனக்கு ஒன்றாகத்தான் கேட்டது. இவள் திரும்பாமலே, “மூணாவதுதான் அது” என்றாள். சரியாகச் சொன்னாள். வரிசையை மாற்றி மறுபடி வாசிக்கச் சொன்னேன், மறுபடி சரி. மூன்றாம் தடவை நான் கண்ணைக் காட்டி அந்தக் கிடாரை எடுக்காமலே விடச் சொன்னேன். “இப்ப அது வரவே இல்லையே, யாரை ஏமாத்தறீங்க?” என்றாள். பெயருக்கு மயங்கி ஆசைப்படுகிறாள் என்று நான் போட்டிருந்த கணக்கு தப்பு. அவளுக்குக் காது இருக்கிறது. இதை உனக்கு எழுதுகிறேன், அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

அதன்பிறகு நான் டைக்காரரிடம் பேச்சை நிறுத்திவிட்டு நெற்றிக்கண்ணரிடம் போய் உட்கார்ந்தேன். ஜிப்பில் பல்லும் ரன்னரும்தான் வேலை செய்யும், ரன்னரில் தொங்குகிற பெயர்த் தகட்டுக்குத்தான் விலை ஏறும், அந்த மாதிரி இதில் வேலை செய்வது எது, தொங்குவது எது என்று கேட்டேன். கம்பிகளுக்குக் கீழே காந்தத்தைச் சுற்றிக் கம்பிச்சுருள் வைத்திருக்கிறார்கள், பிக்கப் என்று பெயர், கம்பி அதிர்வதைப் பிடித்துப் பெட்டிக்கு அனுப்புவது அதுதான். அந்தச் சத்தத்தில் பெரும்பங்கு அது, அப்புறம் கழுத்தின் நீளம், கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது, மீதியெல்லாம் நிறமும் பெயரும் என்றார். மரம் என்று கேட்டதற்கு, “மரத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நாலு பேர் சட்டையைப் பிடிச்சுக்குவாங்க, நான் வரல அக்கா” என்று கையைக் கூப்பிவிட்டார். அதே கம்பெனி வேறு தொழிற்சாலையில் செய்யும் இரண்டாம் வரிசைக் கிடார் இருக்கிறதாம், அதே நீளம், அதே உடம்பு, பிக்கப் மட்டும் சாதாரணம். யாரோ ஒருவர் பெரிய கிடாரை வாங்கிப் பிக்கப் பிடிக்காமல் கழற்றி இவரிடமே விற்றுவிட்டுப் போன ஜோடி இவர் டிராயரில் கிடந்தது, அவருக்குப் பிடிக்காதது நமக்கு லாபம்.

இரண்டாம் வரிசைக் கிடாரைத் தேடி நானே அலமாரிக்குக் கீழே குனிந்தேன். அட்டைப் பெட்டியின் ஒரு பக்க ஒட்டுச்சீட்டு மட்டும் வெளுத்திருந்தால் அது எத்தனை நாளாக நகரவில்லை என்று எனக்குச் சொல்லத் தெரியாதா. இரண்டு வருஷமாவது ஆகியிருக்கும். பிரித்தால் மஞ்சளும் இல்லை பச்சையும் இல்லை, ஒரு நிறம். “பித்த வாந்தி” என்றாள் சின்னவள். அந்த ஒரு சொல்லில் விலை இறங்கிவிட்டது, அவளுக்கே தெரியாமல் எனக்காகப் பேரம் பேசிவிட்டாள். டைக்காரர் முதலில் முழு விலை சொன்னார். “ரெண்டு வருஷமா இதுக்குத் தினமும் வாடகை நீங்கதானே குடுக்கறீங்க, இன்னிக்கு நான் நிறுத்தி வைக்கறேன்” என்றேன். பாதி விலையில் முடிந்தது. நெற்றிக்கண்ணர் பிக்கப்பை மாற்றி, கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகளைத் தேய்த்து, கம்பியை இறக்கி, வியாழக்கிழமை கொடுத்தார். பிக்கப்பும் கூலியும் சேர்த்து எல்லாம் அவளுடைய இரண்டரை மாதச் சம்பளத்துக்குள். கிடார் அவள் சேமிப்பில், பிக்கப்பும் கூலியும் என் காசில்.

வெள்ளிக்கிழமை அவள் போய் வாசித்தாள். தாடி பாதிப் பாட்டு வரை தலையை ஆட்டாமல் கேட்டுவிட்டு, “சத்தம் சரி. இந்த நிறத்தை எங்கே புடிச்சே?” என்றானாம். “எங்கம்மா புடிச்சாங்க” என்றாளாம். “பரவால்ல, மேடையில சிவப்பு விளக்கா போட்டுக்கலாம்” என்று சொல்லி ஹோட்டல் ஒப்பந்தக் காகிதத்தில் அவள் பெயரை எழுதிவிட்டான், ஆறு வாரத்துக்கு அவள் இடம் அவளுடையது. வீட்டுக்கு வந்து மாடிப்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “அம்மா, கிட்ட வந்திருக்கு. ஆனா அது இல்ல” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகச் சொன்னாள். சுவரைப் பார்த்து நின்று மூன்று தடவை சரியாகச் சொன்ன காதை நான் எப்படி மறுப்பது. சமையலறை மேஜையில் உட்கார்ந்து பேசி முடித்தோம்.

நீ வீடு பார்க்கும்போது முன்பணம் கொடுப்பதற்கு முன் குழாயைத் திறந்து ஒரு வாளி நிறைகிறவரை நின்று பார், தண்ணீரின் வேகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே, மேல்மாடி என்றால் இரண்டு வாளி. காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. அப்பா உனக்கு ஆசி சொல்லச் சொன்னார், என் ஆசியும் சேர்த்து நீ நோய்நொடி இல்லாமல் உன் கதவுக்கு உன் சாவி போட்டு நிம்மதியாக இருக்க வேண்டும். நீ சாட்சி என்பதால் பேசி முடித்ததை எழுதுகிறேன், மறந்துவிடாதே. ஆறு வாரமும் இவள் இந்தக் கிடாரைத்தான் வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகும் அந்தப் பெரிய கிடார்தான் வேண்டும் என்றால், விற்ற ஜிப்பை ஒருநாளும் திரும்ப எடுக்காத நான், இதை அவள் கொடுத்த விலைக்கே ஒரு காசு குறைக்காமல் எடுத்துக்கொள்வேன். மீதிக்குப் பாதி அவள், பாதி நான், உன் பங்கு ஒன்றும் கிடையாது. கடைசியில் ஒரு நிபந்தனையை அவளாகவே சேர்த்தாள், நான் ஒப்புக்கொண்டேன்: அப்போது நான் சொல்லிக்காட்டக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா