அறையில் இருந்தவர்கள்

07.10.2024, திங்கள்

இன்று மூன்று வீடு. மூன்றிலும் தின்னத் தந்தார்கள். இப்படியே போனால் அடுத்த ஸ்கானில் பிள்ளை எது, பேரீச்சம்பழ பிஸ்கற் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஐந்தாம் மாதம் என்றால் யாரும் விடுகிறார்களா?

வேலை என்ன என்று என் கணவர் அன்ஸாருக்கு எத்தனை தரம் சொன்னாலும் விளங்கவில்லை. இங்கேயாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன். அரபி பேசும் தாய்மார் பிள்ளைக்குப் பால் கொடுப்பதில் எவ்வளவு திருப்தியாக இருக்கிறார்கள் என்று அளக்க ஒரு படிவம். முப்பது வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி. முழுவதும் கிடைத்தால் நூற்றைம்பது. ஆங்கிலப் படிவத்தை அரபியில் ஆக்கியிருக்கிறார்கள். அது சரியாக அளக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. முதல் தரம் நான் வீட்டுக்குப் போய் வாசித்து நிரப்புவேன். இரண்டு கிழமை கழித்து அதே கேள்விகள் தாயின் போனுக்குப் போகும், அவளே நிரப்பி அனுப்புவாள். இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் படிவம் நல்லது.

"திருப்திய எப்பிடி அளக்கிற? அது என்ன கரண்டா, மீற்றர் வச்சிப் பாக்க?" என்கிறார் அன்ஸார். எலெக்ட்ரீஷியன் வேறு எப்படிக் கேட்பார்.

சிரித்துவிட்டேன். ஆனால் பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே கேள்விதான் எனக்கும்.

09.10, புதன்

ரீம். சிரியாக்காரி, இருபத்தாறு வயது. எங்கள் மல்வேர்ன் பகுதியில்தான், வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி, ஒன்பதாம் மாடி. மூன்று மாதப் பெண்பிள்ளை. என் அரபியைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாப்பா ஜித்தாவில் டிரைவராக இருந்த காலத்தில் தெருப் பிள்ளைகளோடு விளையாடிப் பிடித்த அரபி இது. அவளுக்கு டாக்சிக்காரன் பேசுவது போல இருக்கிறதாம்.

விதிப்படி கணவனை வெளியே போகச் சொன்னேன். பாவம், பல்கனியில் குளிரில் நின்றார். 'தனிமை உறுதி செய்யப்பட்டதா' என்ற கட்டத்தில் ஆம் என்று போட்டேன். மாமியார் ஏலக்காய்க் கோப்பியும் பிஸ்தா இனிப்பும் கொண்டுவந்து எங்களோடு இருந்தார். நல்ல மனுசி.

நூற்று நாற்பத்தெட்டு! இதுவரை வந்ததில் இதுதான் உச்சம்.

பொறாமையாக இருந்தது என்பதை எழுதாமல் விட்டால் இந்த நாட்குறிப்புக் கொப்பி எதற்கு. என் மூத்தவன் பாஹிமுக்கு நான் ஆறு கிழமைதான் கொடுத்தேன்.

14.10, திங்கள்

விடுமுறை. மாமி, அன்ஸாரின் உம்மா, வட்டிலப்பம் அவித்தார். நான் தின்றேன்.

25.10, வெள்ளி

பேர்ணடெற் அக்கா கூப்பிட்டார். எங்கள் ஆய்வை நடத்துபவர். யாழ்ப்பாணத்து மனுசி, எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் சோறு இறங்காது.

"ஸஹ்னா, உதென்ன உது? ரீம் எண்ட பிள்ளை முதல் தரம் நூற்று நாப்பத்தெட்டு. ரெண்டாம் தரம் எண்பத்தொண்டு. ரெண்டு கிழமைக்குள்ள என்ன நடந்தது?"

ரீம் மட்டும் இல்லை. பாதிப் பேர் இப்படித்தான். இந்த அளவில் எண்கள் ஆடினால் அரபிப் படிவம் நம்ப முடியாதது என்றுதான் அறிக்கை எழுத வேண்டி வருமாம். "இல்லாட்டி அந்தத் தாய்மார் யோசிக்காமல் நிரப்பினவை எண்டு எழுதுவினம். அது இன்னும் அநியாயம்."

பிள்ளை பிறந்த பிறகும் இந்த ஆய்வுக்கே நான் திரும்பி வரலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார். ஏழு வருடம் வீட்டில் இருந்துவிட்டுக் கிடைத்த முதல் வேலை. ஆய்வே இல்லாமல் போனால் எங்கே திரும்பி வருவது?

27.10, ஞாயிறு

ரீமுக்கு என்ன நடந்திருக்கும்? காய்ச்சலா? பிள்ளை கடித்துவிட்டதா — மூன்று மாதத்தில் பல்லா, விசரி. போனில் கட்டங்கள் தலைகீழாகத் தெரிந்ததா? என் போனில் திறந்து பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

அல்லது எண்பத்தொன்றுதான் சரியோ?

30.10, புதன்

ரீமின் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உடுப்புத் துவைக்கும் அறை. புதன் காலையில் அங்கே நிற்பேன், வா என்றாள். பிள்ளை துணிக்கூடைக்குள் உறக்கம்.

எண்பத்தொன்று கைதவறி வந்ததா என்று கேட்டேன். இல்லை, ஒவ்வொன்றாக யோசித்துப் போட்டது என்றாள். பிள்ளை வாய் வைக்கும் ஒவ்வொரு தரமும் முதல் ஒரு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கால்விரலை மடக்கி வைத்திருப்பாளாம். குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுவாளாம். கிளினிக்கில்? கிளினிக்குக்கும் மாமியார் வருகிறாரே.

"அப்ப ஏன் எனக்கு அநேகமா எல்லாத்துக்கும் ஐந்து போட்டாய்?"

என்னைப் பார்த்தாள். "அன்றைக்கு நீ கேட்டது என்னையா? எங்கள் இரண்டு பேரையுமா?"

நான் சொன்னேன்: உன் மனுசனைப் பல்கனிக்கு அனுப்பினேனே.

"அவரை ஏன் அனுப்பினாய்? அவர் இருந்திருந்தால்கூட நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்."

துவைக்கும் மெஷின் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அதே நாள், பின்னேரம்

ஆம்பிளையள் இல்லாட்டி அது தனிமைதானே. அப்பிடித்தானே நாம வளந்த. பொம்புளைகள் மட்டும் இருந்தா முந்தானைய விடலாம், பிள்ளைக்குப் பால் குடுக்கலாம், சிரிக்கலாம். மாமி பக்கத்தில இருந்தா அது வேற ஆள் இருக்கிறதா? அந்தக் கட்டத்தில ஆம் எண்டு போடக்குள்ள என்ட மனசில ஒரு பொய்யும் இல்ல. அல்லாஹ்வுக்குத் தெரியும்.

ஆனா பிழை பிழைதான். எத்தன வீடு ஸஹ்னா? எத்தன வீடு?

02.11, சனி

கண்டுபிடித்துவிட்டேன். படிவங்களில் இல்லாதது இந்தக் கொப்பியில் இருக்கிறது. நான் எங்கே என்ன தின்றேன், யார் கொண்டுவந்து தந்தார் என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறேன். சாப்பாட்டுராமியாக இருந்ததில் ஒரு பிரயோசனம்!

இருபத்துமூன்று வீடு. ஆறு வீட்டில் தாயே எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டிருக்கிறாள். வேறு ஆள் இல்லை. பதினேழு வீட்டில் மாமியாரோ, மதினியோ, உம்மாவோ. தந்துவிட்டு அங்கேயே இருந்தும் இருக்கிறார்கள்.

தனியே இருந்த ஆறு பேரின் இரண்டு எண்களும் ஒட்டிப்பிறந்த மாதிரி. படிவத்தில் பிழையே இல்லை! கையைத் தட்டிவிட்டேன். பாஹிம் என்னம்மா என்று ஓடி வந்தான்.

இன்னொன்று. பதினேழு பேருக்கும் புள்ளி இறங்கியிருக்கும் என்றுதான் நினைத்தேன். பன்னிரண்டு பேருக்கு இறங்கியிருக்கிறது, மூன்று பேருக்கு மாறவில்லை. இரண்டு பேருக்கு ஏறியிருக்கிறது. ஈராக்கிலிருந்து வந்த ஹனான், எழுபத்தாறிலிருந்து நூற்று முப்பத்தைந்து! அவளுடைய மாமியார் நான் இருந்த நேரம் முழுக்க இவளுக்குப் பால் போதாது, போதாது என்று முணுமுணுத்துக்கொண்டே பேரீச்சம்பழம் வைத்தார். தனியே விட்டதும் ஹனான் எழுதியிருக்கிறாள், இதைப் போல ஒரு சந்தோசம் இல்லை என்று. ஆக, சோகத்தை மட்டும்தான் ஒளிப்பார்கள் என்பதும் இல்லை. சந்தோசத்தையும் ஒளிக்கிறார்கள்.

05.11, செவ்வாய்

இனி அக்காவிடம் சொல்ல வேண்டும். சொன்னால் பதினேழு படிவமும் குப்பை. பதினேழு தரம் 'தனிமை, ஆம்' என்று கையெழுத்து வைத்தவள் நான். சொல்லாவிட்டால் படிவத்துக்குத்தான் கெட்ட பெயர், இல்லாவிட்டால் யோசிக்காமல் நிரப்பிய அரபித் தாய்மாருக்கு. என் பெயர் எங்கும் வராது.

எங்கும் வராது என்பதுதான் உறுத்துகிறது.

பாஹிம் பிறந்து பத்தாம் நாள் ஒரு நேர்ஸ் வீட்டுக்கு வந்தாள். மாமனார் மேலே போனார், அன்ஸார் வெளியே போனார். மாமி, பால் ஊறவென்று ஆக்கிய சுறா வறைக் கோப்பையோடு என் பக்கத்தில். பால் கொடுப்பது எப்படி இருக்கிறது என்று நேர்ஸ் கேட்டாள். "நல்லாக் குடிக்கான்" என்றார் மாமி. நானும் தலையாட்டினேன். உள்ளே காம்பு வெடித்து உடுப்பில் இரத்தம் ஒட்டியிருந்தது. ஆறாம் கிழமை பால் வற்றிவிட்டது என்று எல்லோருக்கும் சொன்னேன். வற்றவில்லை. நான் நிறுத்தினேன்.

மாமி கெட்டவர் என்றால் எழுதுவது சுகம். நாற்பது நாளும் எனக்கு ஊட்டாத குறையாகப் பார்த்தவர்.

11.11, திங்கள்

சொல்லிவிட்டேன். கொப்பியையும் கொண்டுபோனேன். பிஸ்தா இனிப்பு, பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் அக்கா கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"நீர் ஆரையும் ஏமாத்தேல்லை. ஆனா பதினேழும் போகும், அதில கதையில்லை."

ஓம் என்றேன்.

"தனிமை எண்டு அந்தக் கட்டத்தில எழுதினது நான். எங்கட வீட்டிலயும் அம்மா பக்கத்தில நிண்டா அது தனிமைதான். எனக்கும் உறைக்கேல்லை பாரும்." கொப்பியை மூடித் தந்தார். "பதினேழு புதுத் தாய்மார் பிடிக்கவேணும். வயிறோட ஏலுமே உமக்கு?"

ஏலும், ஏலும், ஏலும்!

ரீமைப் பற்றியும் கேட்டேன். பால் கொடுக்கும் தாய்மாரைத் தனியே பார்க்கும் ஒரு நேர்ஸின் நம்பர் தந்தார்.

புதுப் படிவத்தில் தனிமைக் கட்டம் இல்லை. அதற்குப் பதில் ஒரு வெற்றுக் கோடு: 'அறையில் இருந்தவர்கள்.'

21.11, வியாழன்

உலகத்திலேயே கஷ்டமான வாக்கியம்: "உம்மா, கொஞ்சம் மற்ற அறையில் இருக்கிறீர்களா?" பஸ்ஸில் அரபியில் சொல்லிச் சொல்லிப் பழகினேன், பக்கத்துச் சீற்றில் இருந்தவர் எழும்பிப் போய்விட்டார்.

இரண்டு வீட்டில் மாமியார்கள் எழும்பினார்கள். ஒரு வீட்டில் முறைத்துவிட்டு எழும்பினார்கள். அங்கே கோப்பி வரவில்லை.

29.11, வெள்ளி

ரீம் மெசேஜ் போட்டாள். நேர்ஸிடம் தனியே போனாளாம். பிள்ளையை ஏந்தும் விதத்தை நேர்ஸ் கொஞ்சம் மாற்றிக் காட்டினாளாம். கால்விரல் இப்போது மடங்குவதில்லையாம்.

08.12, ஞாயிறு

அன்ஸாரும் பாஹிமும் பனி வழிக்க வெளியே போனார்கள். குசினி மேசையில் ஒரு மிச்சப் படிவம் கிடந்தது. ஒரு ஆசை, பாஹிமை நினைத்து நானே நிரப்பிப் பார்ப்போமே என்று. பத்தொன்பதாவது வாக்கியத்தில் நிற்கும்போது மாமி வந்து எதிரே இருந்தார். மறைக்கக் கை போனது. மறைக்கவில்லை.

மாமிக்கு அரபி ஓதத் தெரியும், கருத்துத் தெரியாது. உயிர்க்குறிகள் போடாத எழுத்தைத் தட்டித் தடவி, குர்ஆன் ஓதும் அதே குரலில் ஒரு வரியை வாசித்தார். அழகாக இருந்தது.

"இதுக்கு என்ன கருத்து மகள்?"

"பிள்ளைக்குப் பால் குடுத்த நேரம் எனக்குப் புடிச்ச நேரம்."

"எத்தன போட்ட?"

"ஒண்டு."

"அஞ்சிலயா?"

"ஓம் மாமி."

வெளியே பாஹிம் கத்தி விளையாடுவது கேட்டது. மாமி படிவத்தை விரலால் நேராக்கி வைத்தார்.

"அண்டைக்கு அந்த நேர்ஸ் கேக்கக்குள்ள நீ ஒண்டும் செல்லல்லியே."

"நீங்க பக்கத்தில இருந்தீங்க மாமி."

அவர் எழும்பினார். கோபம் என்று நினைத்தேன். கேத்தலில் தண்ணீர் பிடித்தார், அடுப்பில் வைத்தார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார்.

"இந்த முற நேர்ஸ் வந்தா," என்றார், "நானும் மேல போய் இரிக்கன்."

மிச்சப் பதினொன்றையும் நிரப்பினேன். மொத்தம் ஐம்பத்திரண்டு. கடைசிக் கோட்டில், அறையில் இருந்தவர்கள்: மாமி.