முழுப் பதிப்பும் சில்லறைப் புதுப்பிப்பும்

தர்மபுரம், சனிக்கிழமை.

கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. புதிய பதிப்பை முழுதாக இறக்கி ஒரேயடியாக நிறுவலாம். அல்லது இருப்பதை வைத்துக்கொண்டு, கிழமைக்கு ஒருமுறை சிறு சிறு பொதிகளாகப் புதுப்பிக்கலாம். அவசரக்காரருக்கு முதலாவது நல்லது. எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

சனி மாலைகளில் மகன் டொரன்டோவிலிருந்து அழைப்பான். திரையில் வருவதை நான் வாசிப்பேன். எதை அழுத்துவதென்று அவன் சொல்வான். பொதிகள் இறங்கும்வரை இருவருக்கும் வேறு வேலை இல்லாததால் கதைப்போம். எங்கள் ஊர் இணைப்பு மிக மெதுவானது. அதைப் பற்றி நான் இதுவரை எவரிடமும் முறையிட்டதில்லை.

இன்று அவன் சொன்னான்: "அப்பா, ஏன் உந்தக் கரைச்சல்? கிளிநொச்சியில புதுப் பதிப்பைப் பென்டிரைவில ஏத்தித் தருவாங்கள். ஒருக்காப் போட்டா அது தன்ர பாட்டில எல்லாத்தையும் செய்யும். நீங்கள் என்னைப் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை."

"முழுசா மாத்தினா உள்ளுக்க இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடுமாம்."

"ஆர் சொன்னது?"

"இஞ்ச கதைக்கிறாங்கள்."

இங்கே என்னோடு இதைப் பற்றிக் கதைக்க ஒருவரும் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். சிரித்தான்.

"சரி, இப்ப எவ்வளவு இறங்கியிருக்கு?"

எல்லாம் இறங்கி, நிறுவியும் முடிந்து பத்து நிமிடமாகியிருந்தது.

"நாற்பது வீதம்" என்றேன்.

"உதவாத லைன்" என்றான். கதிரையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, தன் மகளுக்கு முதல் பல் விழுந்த கதையைச் சொல்லத் தொடங்கினான்.