ஸ்பிரேயரில் மிச்சமிருந்த நீலம்

இந்தத் தீவுக்கு வந்து நாம் குடியேறிய ஹேடோ குவார்ட்டர்ஸ் கதவைத் திறந்ததுமே புளித்த கஞ்சி வாடை. நீ இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னங்க, சோறு வடிக்கிற வீட்ல கிருமி வளர்க்குறீங்களே!" என்று சத்தம் போட்டிருப்பாய். இப்போது வாடை மட்டும் இருக்கிறது.

நெல் இலையில் புள்ளி விழுகிற குலைநோயை, குடுவைக் கஞ்சியில் நான் வளர்க்கும் அந்தக் கிருமி தடுக்கும் என்றபோது நீ நம்பவில்லை. கண்ணாடித் தட்டைக் காட்டினேன். நடுவில் பாக்டீரியா, நெருங்க முடியாமல் பூஞ்சை தள்ளி நின்றது.

"பூஞ்சையைத் தின்னுடுமா?"

"தின்னாது. முன்னாடியே போய் இலையில எடம் புடிச்சுக்கும். அதை வளர விடாது."

"அப்ப நம்மள மாதிரி குடியேறி வந்த செட்லருன்னு சொல்லுங்க."

அந்த மழைக்காலம் முடிவதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. ரத்தத்தைப் பார்த்துவிட்டு மலேரியா என்றார் டாக்டர். என் பாக்டீரியா வயல் மண்ணில் கிடப்பது, மனிதரை ஒன்றும் செய்யாது. படித்ததெல்லாம் அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் குடுவையைத் தொட்ட கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். உனக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்ததும் இதே கைதான்.

நமக்குப் பூசணிக்காய் கொண்டுவருவாரே, வங்காளி தாதா, அவர் வயலில் போன மாதம் இலையெல்லாம் புள்ளி. பூஞ்சைக்கு அடிக்கிற நீல மயில்துத்தம் ஏற்றிய கப்பல் மெயின்லேண்டிலிருந்து வந்து சேரவில்லை. கதிரின் கழுத்தில் நோய் இறங்கினால் அவருக்கு மிஞ்சுவது பதர்தான். என் குடுவையைத் தவிர வேறு வழியில்லை.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் போனேன். வயலில் அவருடைய மகள் வெறுங்காலோடு களை எடுத்துக்கொண்டிருந்தாள். மாசமாக இருக்கிறாள். தாதா மெல்லக் கேட்டார்: "குச் நஹி ஹோகா நா, பாபு?"

"ஒன்றும் ஆகாது" என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, குடுவையின் மூடியைத் திறந்தேன்.

குடுவையைக் கவிழ்த்த பிறகுதான் கவனித்தேன்: ஸ்பிரேயருக்குள் தண்ணீர் நீலமாக இருந்தது. வீட்டில் மிச்சமிருந்த துத்தத்தை எனக்குத் தெரியாமல் கரைத்துவிட்டிருக்கிறார்.

"டபுள் பவர், பாபு!"

துத்தம் பட்டால் என் பாக்டீரியா செத்துவிடும். அந்தத் துளித் துத்தம் பூஞ்சையைத் தடுக்கவும் போதாது. அப்படியே அடித்துவிட்டுப் போய்விடலாமா என்று தோன்றியது. செத்த கிருமி யாரையும் தொடாது, நான் தூங்கலாம், பயிர் போனால் பழி துத்தத்தின் மேல். பம்பின் கைப்பிடியை இரண்டு முறை அழுத்தியும்விட்டேன்.

தாதா மடைத் தண்ணீரை அள்ளி முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் ஐந்து பேர் சாப்பிட வேண்டும்.

எல்லாவற்றையும் கரையில் கொட்டினேன். "அர்ரே பாபு! பாகல் ஹோ கயா க்யா?" என்று, எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதுபோல் அவர் கத்தக் கத்த, நீலம் போகும்வரை கழுவினேன். இன்னொரு குடுவையை ஊற்றி, இருட்டுமுன் அடித்து முடித்தேன்.

இப்போது புது இலைகளில் புள்ளி இல்லை. இன்றும் வயலுக்குப் போயிருந்தேன். வரப்பில் ஏறியதும் என் வாயில் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "தாதா, பொண்ணுக்குக் காய்ச்சல் ஏதும் இல்லையே?"

"மொதல்ல நெல்லைப் பாரு பாபு" என்று ஹிந்தியில் சிரிக்கிறார்.

அவள் எழுந்து வந்து கையை ஆட்டிக் காட்டும்வரை, நெல் இருக்கும் பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை.