பொறி தாண்டும் தூரம்

மார்ச் 3, ஞாயிறு

காலையில் வழக்கம்போல என் வீட்டுக்காரர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். சீராகத்தான் ஓடுகிறது. "கைய விடும்மா, நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன்" என்றார். தினமும் இதே வசனம். தினமும் நானும் விடுவதாக இல்லை.

சாப்பிட்டு முடித்த நேரத்தில் சைலன்சர் வந்தார். கார்ப் பட்டறை வைத்திருக்கும் இவருடைய நண்பர். வாயை மூடவே மாட்டார், அதனால்தான் அந்தப் பெயர். இளையாளை வாங்க ஒருவர் தயாராக இருக்கிறாராம். மாதக் கடைசியில் வந்து பார்ப்பாராம். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பிடிச்சிருந்தா எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றார். சைலன்சரே பேச்சற்றுப் போனார். கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் ரசிக்கும் நிலையில் நான் இல்லை.

இளையாள் என்பது நான் வைத்த பெயர். மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் வாங்கிய சிவப்பு டர்போ கார். என் செருப்பின் அளவு இவருக்குத் தெரியாது. அதன் ஒவ்வொரு நட்டின் அளவும் தெரியும். பிறகு வேறு என்ன பெயர் வைப்பது?

மார்ச் 5, செவ்வாய்

கடைசி நோயாளி வரவில்லை. என் பல் கிளினிக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டிசம்பரில் அலுவலக மாடிப்படியில் மயங்கி விழுந்தார். இதயத்தின் மின்சாரம் நடுநடுவே நின்றுபோகிறது என்றார்கள். இடது தோளுக்குக் கீழே ஒரு சின்னக் கருவியை வைத்துத் தைத்தார்கள். அதைச் சரிபார்க்கும் பெண் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "இது எப்பவும் வேலை செய்யாது சார். உங்க இதயம் மறந்தா மட்டும் ஞாபகப்படுத்தும்." கார் ஓட்டலாமா என்று இவர் கேட்டதற்கு, "தாராளமா ஓட்டலாம். ஓடுற என்ஜினோட மின்சாரம் கருவியைக் குழப்பும், அது மேல குனியாதீங்க. அந்த நேரத்துல ஒரு கை தூரம் தள்ளி நின்னாப் போதும். நிறுத்தியிருந்தா அது வெறும் இரும்புதானே" என்றாள்.

இவர் காதில் 'குனியாதீங்க' வரைக்கும்தான் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் காருக்கு உறையைப் போட்டு மூடினார். அதோடு சரி. வேலைக்கு பஸ்ஸில் போகிறார். கார் நிற்கும் ஷெட்டைத் தாண்டக் கூடாது என்பதற்காகவே சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வருகிறார். லிஃப்ட் பழுதுபார்க்கிற மனிதர், பத்து மாடிக் குழிக்குள் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடியவர், இப்போது மேசை வேலை கேட்டு வாங்கிக்கொண்டார்.

கார் போனால் போகட்டும். அதோட சேர்ந்து என் மனுஷனும் போயிடுவாரோ? மிச்சக் காலத்த இப்படிப் பயந்து பயந்தே ஓட்டிடுவாரோ?

மார்ச் 9, சனி

ஷெட் அலமாரியில் ஒரு அட்டைப்பெட்டி. நவம்பரில் வாங்கி வைத்தது, பிரிக்கவே இல்லை. திறந்து பார்த்தேன். கட்டைவிரல் தடிமனில் நான்கு காயில்கள், நான்கு பிளக், ஒரு கறுப்புப் பெட்டி, கொத்தாக ஒயர்.

எதற்கு என்று எனக்குத் தெரியும். மலை ரோட்டில் மூன்றாவது வளைவில், என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ சீறும்போது கார் விக்கும். திக்கும். பின்னால் வரும் லாரி ஹாரன் அடிக்கும். இத்தனை வருடமாக நான்கு பிளக்குக்கும் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியை ஒரே காயில்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரே அம்மா நான்கு பிள்ளைகளுக்கு ஊட்டுவது மாதிரி. இனி ஆளுக்கொரு காயில். எந்தப் பிளக்குக்கு எப்போது பொறி என்று அந்தக் கறுப்புப் பெட்டி சொல்லும். சாப்பாட்டு மேசையில் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். நான் 'ம்' கொட்டியிருக்கிறேன்.

இதையெல்லாம் நானே மாட்டினால் என்ன?

மார்ச் 10, ஞாயிறு

சொன்னேன். "உனக்கென்ன பைத்தியமா?" என்றார். "பல்லுக்குள்ள நரம்பையே தேடி எடுக்கறவ நான். பிளக்கு என்ன பிரமாதம்?" என்றேன்.

உறையை இழுத்துப் போட்டுவிட்டு பேட்டரி ஒயரைக் கழற்றினேன். வேண்டுமென்றே தப்பான ஸ்பானரை எடுத்து வைத்துக்கொண்டு சத்தம் போட்டேன். அவருக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஷெட் வாசலுக்கு வந்துவிட்டார். ஆனால் உள்ளே வரவில்லை. சாக்பீஸை எடுத்துத் தரையில் ஒரு கோடு போட்டார். காரிலிருந்து பத்தடி இருக்கும். அந்தப் பக்கம் நாற்காலி.

"லட்சுமணன் போட்ட கோடா இது?" என்றேன்.

"சீதையே போட்டுக்கிட்ட கோடு" என்றார்.

டிசம்பருக்குப் பிறகு இவர் அடித்த முதல் ஜோக்.

மார்ச் 12, செவ்வாய்

சாப்பாட்டு மேசையில் மூன்று நாற்காலிதான். இருக்கட்டும்.

மார்ச் 16, சனி

பழைய பிளக்குகளைக் கழற்றினேன். பிளக்குக் குழி ஆழமானது. என் பல் பார்க்கும் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்ததை அவர் தூரத்திலிருந்து பார்த்துச் சிரித்தார். "வாயத் திற, ஆ காட்டுன்னு அதுகிட்ட சொல்லு" என்றார்.

புதுப் பிளக்கின் நுனியில் இரண்டு உலோகத்துக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி. நகத்தின் தடிமனைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதைத் தாண்டுவதுதான் பொறி. டர்போ காருக்கு அது இன்னும் கொஞ்சம் குறுகலாக இருக்க வேண்டும் என்றார். மெல்லிய தகடுகளை நுழைத்துப் பார்த்து, மெதுவாகத் தட்டித் தட்டி நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்தேன். தகடு போகும்போது விரலில் ஒரு மெல்லிய உராய்வு தெரிய வேண்டும். என் வாழ்நாள் வேலையே அந்த உராய்வுதான்! இத்தனை நாள் எதிர் வீட்டில் குடியிருந்த சொந்தக்காரரை இன்றுதான் கண்டுபிடித்தது போல் இருந்தது.

"ஏன் குறுகலா?" என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் முறை.

நாற்காலியின் விளிம்புக்கு வந்தார். "வெளிய தாண்டுறது ஒண்ணுமே இல்லம்மா. உள்ள காத்து நெருக்கும். டர்போ இன்னும் திணிக்கும். எவ்வளவு மூச்சு குடுக்கறமோ, பொறிக்குத் தாண்டுறது அவ்வளவு கஷ்டம். அந்த நெருக்கடியில தாண்டணும். தாண்டலன்னா வண்டி விக்கும்."

கையில் பிளக்கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மூச்சு முட்ட முட்ட உள்ளே இருப்பது வெளிச்சத்துக்கு வர இவ்வளவு பாடா?

மார்ச் 22, வெள்ளி

கிளினிக்குக்கு லீவு விட்டேன். பழைய காயிலையும், அதன் பொறியை நான்கு பிளக்குக்கும் பங்கிட்ட டிஸ்ட்ரிபியூட்டரையும் கழற்றிவிட்டு, கறுப்புப் பெட்டியைப் பொருத்தி ஒயர் இழுத்தேன். அவர் கோட்டுக்கு அப்பால் நின்று ஒவ்வொரு ஒயரின் நிறத்தையும் சொன்னார். மகள் போன் செய்தாள். "அம்மா, அப்பாவுக்குப் பேஸ்மேக்கர், உனக்குக் கார் மெக்கானிக் வேலையா? வீட்டுல என்னதான் நடக்குது?" எனக்கே தெரியவில்லையடி.

மார்ச் 23, சனி

பார்த்தேன்.

பேட்டரியை மாட்டி, என்ஜினுக்குப் பெட்ரோல் போகாதபடி பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, ஒரு பிளக்கை மட்டும் வெளியே என்ஜின் இரும்போடு சேர்த்துக் கட்டி, ஷெட் கதவைப் பாதி சாத்தினோம். "கையால தொட்டுடாத, தூக்கி அடிக்கும்" என்று நான்கு முறை சொன்னார். கார்க் கதவருகே நின்று கையை மட்டும் உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினேன்.

நீலம். ஊசி முனை அளவு. டிக், டிக், டிக் என்று. இவ்வளவு சின்னதா? மலையேற்றியது, மகளைப் பரீட்சைக்குக் கொண்டுபோனது, டிசம்பரில் இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தது, எல்லாம் இதுவா? மலை ரோட்டில் ஏறும்போது ஒவ்வொரு பிளக்கிலும் நொடிக்கு இருபதுக்கு மேல் அடிக்குமாம். ஒன்று தவறினாலும் உடம்புக்கே தெரியும். யாரும் பார்க்காத இருட்டுக்குள் இத்தனை வருடம் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுவதற்கு என்ன இருக்கிறது இதில்? திரும்பிப் பார்த்தேன். கோட்டுக்கு அப்பால் அவர் வலது கை தானாக இடது தோளுக்குக் கீழே போயிருந்தது. ஆனால் முகத்தில் பயம் இல்லை. அதே நீலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழகா இருக்குல்ல?" என்றார்.

மார்ச் 24, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதுகிறேன். பாதி பயத்தில், பாதி சிரிப்பில்.

நான்கு காயிலையும் பிளக்குகளின் மேல் உட்கார வைத்தேன். ஒயர்களில் ஒன்று முதல் நான்கு வரை எண் போட்டிருக்கிறது. அததற்கு அது. ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அவரும் அங்கிருந்தே கேட்டார், "ஒண்ணு ஒண்ணுல, நாலு நாலுல போட்டியா?" போட்டேன் என்றேன். பேட்டரி, ஃபியூஸ் எல்லாம் மாட்டிச் சாவியைத் திருப்பினேன்.

டமால்!

பானட்டுக்குள்ளிருந்து வெடி. காற்றுக் குழாய் பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. புகை. நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே பாய்ந்தேன். நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். ஐயோ, என்னங்க, என்னாச்சு, நெஞ்சு வலிக்குதா, சொல்லுங்க, சொல்லுங்களேன்... மணிக்கட்டைப் பிடித்தேன். நான் இருந்த பதற்றத்தில் நாடி எங்கே கிடைக்கும்?

"எனக்கு ஒண்ணும் ஆகல. நாற்காலிதான் கால் தடுக்கி விழுந்துடுச்சு" என்றார். அப்புறம் முகம் மாறியது. "ஏய், ஒண்ணு எதுன்னு வச்ச நீ?"

காருக்கு எதிரே நின்று என் இடது கைப் பக்கத்தைக் காட்டினேன்.

"அங்க எப்படி ஒண்ணு?"

"பின்ன? வாயத் திறந்து வச்சிட்டு எதிர்ல நின்னா இந்தப் பக்கத்துலேர்ந்துதானே எண்ணணும்?"

ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. "அடியே, அது பல்லு இல்லடி! பெல்ட் இருக்கற பக்கம்தான் ஒண்ணு!" என்று எழுந்து வந்தார். விறுவிறுவென்று வந்து பானட்டுக்குள் குனிந்து, எனக்கு வலது பக்கம் இருந்த கடைசிக் காயிலின் மேல் விரலை வைத்து, "இதோ. இதான் ஒண்ணு. இப்படியே எண்ணு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. தலைகீழா மாட்டி வச்சிருக்க. காத்து வர்ற வால்வு திறந்திருக்கற நேரத்துல பொறி போனா வெடிக்காம கொஞ்சவா செய்யும்?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். சாக்பீஸ் கோடு எங்களுக்குப் பின்னால் தூரத்தில் இருந்தது.

அவர் கவனிக்கவில்லை. நானும் மூச்சு விடவில்லை. பதினைந்து வருடம் பல் எண்ணியதில் நான் செய்த மிக நல்ல தப்பு இதுதான்.

ஒயர்களை அவரே மாற்றினார். காற்றுக் குழாயையும் மாட்டிக் கிளிப் இறுக்கினார். கடைசிக் கிளிப்பை இறுக்கும்போதுதான் கை நின்றது. எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நிறுத்தியிருந்தா அது வெறும் இரும்புன்னு அந்தப் பொண்ணு சொன்னா" என்றேன். "நீங்க பாதிதான் கேட்டீங்க."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "சரி, நீ போய் ஸ்டார்ட் பண்ணு" என்று சொல்லிவிட்டு விலகி நடந்தார். கோடு வரைக்கும் போகவில்லை. நாலடி தள்ளி நின்றுகொண்டார், அவ்வளவுதான்.

தொட்டதும் பிடித்துக்கொண்டது. பழைய முனகல் இல்லை, உதறல் இல்லை. ஷெட்டே மெல்ல ரீங்காரமிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 27, புதன்

ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. பொறி போகும் வரிசை அதுவாம். பல் துலக்கும்போதுகூட அதுதான் ஓடுகிறது.

மார்ச் 30, சனி

கார் வாங்குபவர் இன்று வருவதாக இருந்தது. காலையில் இவர் சாவியை எடுத்துக்கொண்டார். "வாங்கறவர்கிட்ட பொய் சொல்லக்கூடாது இல்ல. வண்டி இன்னும் விக்குதா திக்குதான்னு மலை ரோடு வரைக்கும் பாத்துட்டு வந்துடறேன். நீயும் வா" என்றார். எத்தனை நொண்டிச் சாக்கு கேட்டிருக்கிறேன், இப்படி அழகான ஒன்றைக் கேட்டதில்லை.

நான்கு மாதம் கழித்து அவர் கை ஸ்டியரிங்கில். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. மூன்றாவதில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். டர்போ மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது. விக்கப்போகிறது, இதோ, இப்போது...

விக்கவே இல்லை. இருக்கை என் முதுகைத் தள்ளியது. அவ்வளவு நெருக்கடிக்குள்ளும் அந்த ஊசி முனை நீலம் தாண்டிக்கொண்டே இருந்தது, ஒன்றுகூடத் தவறாமல். கண்ணைத் திறந்தபோது மேகம் எங்களுக்குக் கீழே இருந்தது. நாங்கள் ஏதோ ஒயர் மாட்டினோம், கிளிப் இறுக்கினோம். அதற்கு இதுவா கூலி?

திரும்பி வந்தபோது வாசலில் சைலன்சரும் வாங்குபவரும் காத்துக்கொண்டிருந்தார்கள். இவர் இறங்கி, "மன்னிச்சுக்கோங்க, வண்டியில இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு" என்றார்.

"என்ன வேலை?"

"நிறைய."

சைலன்சர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மறுபடியும் ஒன்றும் வரவில்லை. ஒரே மாதத்தில் இரண்டாவது முறை!

ஏப்ரல் 1, திங்கள்

இன்று காரில் வேலைக்குப் போனார். லிஃப்ட் குழி வேலையையும் திரும்பக் கேட்கப்போகிறாராம். டாக்டரிடமும் அந்தப் பெண்ணிடமும் முதலில் கேளுங்கள், இந்த முறை முழுசாகக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

சாப்பாட்டு மேசைக்கு நாற்காலி திரும்பி வந்துவிட்டது. கால் ஒன்று ஆடுகிறது. சாக்பீஸ் கோட்டை யாரும் அழிக்கவில்லை. காரின் சக்கரம் பட்டுப் பட்டு அதுவே பாதி போய்விட்டது.

எழுத உட்காரும்போதுதான் நினைவு வருகிறது. இன்று காலையில் அவர் நாடியைப் பிடிக்க மறந்துவிட்டேன்.