பதினோராம் நம்பர் மலைக்கு ஏகமனதாக

பெப்ரவரி 3, செவ்வாய்

நவம்பர் மழையில் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளை இழந்த பத்தொன்பது குடும்பங்களும் புதிய வீடுகளைப் பதினோராம் நம்பர் மலையில் கட்ட ஏகமனதாகச் சம்மதித்துள்ளன. சொன்னவர் தோட்டத் தலைவர் ராஜலிங்கம், தொலைபேசியில், மாலை ஐந்து பத்துக்கு. பழைய ஸ்டோர், அதாவது தேயிலை ஆலை, பக்கத்துச் சமதரையை யாரும் கேட்கவில்லையாம். கண்டியில் இருந்தபடியே பத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன்.

பெப்ரவரி 4, புதன்

வந்துவிட்டது. ஐந்தாம் பக்கம்.

பெப்ரவரி 7, சனி

தோட்டம் இருக்கும் பன்விலவுக்குப் போனேன். என் அக்கா நல்லம்மா இன்னும் பாடசாலை வகுப்பறையில்தான். இரண்டு மேசைகளைச் சேர்த்துப் படுக்கை. நல்ல செய்தி என்று தொடங்கினேன்.

"அந்த மலையிலயா? மழைக்கு முன்னமே நெலம் வெடிச்சுக் கெடந்திச்சு. கொழுந்து எடுக்குறப்ப காலு உள்ள போகும்."

"பெறகு ஏங்க்கா கூட்டத்துல கையத் தூக்குன?"

"தலைவர் மொதல்ல தூக்குனாரு. அடுத்து கங்காணி. எங்க மொற வர்றப்ப பதினஞ்சு கை மேல நிக்குது. நா மட்டும் மடியில வச்சிருந்தா, கெடைக்கிற வூட்டக் கெடுத்தவன்னு பேரு வரும். ஒனக்கென்ன, பேப்பர்காரன்."

பெப்ரவரி 8, ஞாயிறு

தனித்தனியாகக் கேட்டேன். பதினேழு குடும்பங்கள், மற்ற இரண்டும் கம்பளைக்குப் போயிருந்தன. பதினாறு குடும்பங்களுக்கு ஸ்டோர் பக்கமே வேண்டும். ஒன்றுக்கு எதுவானாலும் சரி.

"ஊரே மலையக் கேக்குறப்ப நா ஒருத்தி என்னத்தச் சொல்ல?" என்றாள் அவர்களில் ஒருத்தி, வேலாயி.

எந்த ஊர்? அந்த ஊரில் இருக்கும் எல்லோருமே வேலாயிதான்.

பெப்ரவரி 9, திங்கள்

கோபத்தோடுதான் ராஜலிங்கத்திடம் போனேன். சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து விரித்தார்.

"எனக்கும் ஸ்டோர் பக்கந்தாங்க சார் புடிச்சிச்சு. சனங்க மலையத்தான் கேக்குறாங்கன்னு நீங்கதானே எழுதுனீங்க? அவங்க ஆசைக்குக் குறுக்க நிக்கலாமா?"

ஜனவரி 27. என் பெயரிலேயே. 'மக்கள் பதினோராம் நம்பர் மலையையே விரும்புகின்றனர்.'

எத்தனை பேரைக் கேட்டேன்? குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது: இரண்டு. பாடசாலைக் குழாயடியில். மலைதான் கோயில் கிட்ட என்றார்கள். மழை தூறியது, பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. சொந்த அக்கா இருபதடி தூரத்தில் இருந்தாள். அவளிடம்கூடக் கேட்கவில்லை — முப்பத்தொரு வருசம் இந்தத் தொழில்ல என்னத்தக் கிழிச்ச?

பெப்ரவரி 12, வியாழன்

ராஜலிங்கம் மறுபடி கூட்டம் வைத்தார். இந்த முறை துண்டுச் சீட்டு, பெயர் இல்லாமல். ஸ்டோர் பக்கம் பதினெட்டு, மலை ஒன்று. சீட்டுகளோடு வீட்டுத் திட்டக் காரியாலயத்துக்குப் போனோம். அதிகாரி கோப்பைத் திறந்து காட்டினார். மேலே குத்தியிருந்தது என் ஐந்தாம் பக்கம்.

"ஏகமனதுன்னு பேப்பரிலேயே வந்திருக்கே. நாளைக்கு இன்னொரு சீட்டோடு வருவீங்களா?"

பெப்ரவரி 13, வெள்ளி

திருத்தம் எழுதிக் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் இன்ஷாப் இரண்டு முறை வாசித்தார்.

"அண்ணே, கூட்டம் நடந்தது உண்மை. எல்லாரும் கை தூக்கினதும் உண்மை. இதுல எதைத் திருத்துறது?"

பெப்ரவரி 19, வியாழன்

அக்கா போனில்: "கல்லு வைக்கிறாங்களாம். வந்து எழுதுவியா?" அழைப்பிதழை எடுத்துப் பார்த்தேன்.

அடிக்கல் மார்ச் 2, திங்கள், காலை ஒன்பதரை: அழைப்பிதழின்படி. திருத்தம் இன்ஷாபின் மேசையில், வெளியிடும் திகதி சொல்லவில்லை. பதினோராம் நம்பர் மலையின் மண் பரிசோதனை அறிக்கை இன்னும் வரவில்லை. மார்ச் 20 அளவில் வருமாம்.