பால் மூடும் தட்டு

நவ. 11, செவ்வாய்

விடியும்போதே மழை. துணி காயவில்லை. டயபர் வாங்கணும்.

காலை பொங்கல். குக்கரில் எல்லோருக்கும் அரிசி, பருப்பு. உள்ளேயே சின்னக் கிண்ணத்தில் அம்முவுக்குத் தனியாக, உப்புப் போடாமல். பிறகு நெய்யில் மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரி. முந்திரி சிவந்தபோது வீடே மணத்திருக்கும். எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. கை மட்டும் கிளறியது.

ரகு நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் பஸ் பிடிக்க ஓட்டம். தரமணி போனதும் மெசேஜ்: "சூப்பர் பொங்கல். மீட்டிங்ல தூக்கம் சொக்கறது."

அம்மு வாயைத் திறக்கவில்லை. ஜன்னல், காக்கா, போன், எல்லாம் காட்டியாயிற்று. துப்பல்.

கூடத்திலிருந்து மாமியார்: "ஏண்டிம்மா, அந்தப் பசையை எனக்கு ஊட்டினா நானே துப்புவேன்."

"உப்பு கொழந்தை கிட்னிக்கு ஆகாதும்மா. அம்மாக்கள் வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் சொல்றா."

"அப்போ குரூப்புல இருக்கறவாளே வந்து ஊட்டட்டும்."

கோபம் வந்திருக்கணும். வரவில்லை. கிண்ணத்து மிச்சத்தை அடுப்பு மேடை ஓரமாக நின்று நானே தின்றேன். என் டிபன் தினமும் அதுதான்.

நவ. 12, புதன்

தி.நகர், குழந்தை டாக்டர். ஆட்டோ பாதி வழியில் தண்ணீரில் நின்றது.

எடை ஏறவே இல்லை. போன மாதம் இருந்ததேதான்.

"அடுத்த புதனும் இப்படியே இருந்தா ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்மா."

அந்தக் கையில் எங்கே நரம்பு கிடைக்கும்? அழுகை வரும் என்று கைக்குட்டையை எடுத்தேன். வரவில்லை. மடித்து வைத்துவிட்டேன்.

"ஒண்ணேகால் வயசாச்சு, தனிச் சமையல் எதுக்கு? நீங்க சாப்பிடும்போது உங்க தட்டுலேர்ந்தே குடுங்க. காலைல நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"அவ வச்ச மிச்சம்."

"அது அவ சாப்பாடு. உங்க தட்டுல என்ன இருந்துச்சு?"

என் தட்டு. வீடு வரும்வரை யோசித்தேன். அது பால் பாத்திரத்தை மூடியிருக்கிறது.

ரகு போன். "எல்லாம் நார்மல்தானே?" "ம்." மழைச் சத்தம் என்று வைத்துவிட்டேன்.

நவ. 13, வியாழன்

டாக்டரின் 'தனிச் சமையல் எதுக்கு' மட்டும் மண்டையில். பயந்துகொண்டே கிண்ணத்தில் ஒரு சிட்டிகை உப்பு. அதையும் துப்பினாள். ஆக, காரணம் உப்பும் இல்லை.

மாமியார் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அது இன்னும் பயமாக இருந்தது.

குரூப்பில் கேட்கலாமா? டைப் செய்தேன், அழித்தேன்.

நவ. 14, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. டயபர் வாங்கியாச்சு.

மறுபடி பொங்கல். கிண்ணம் வைக்கவில்லை. ரகு கிளம்பியாச்சு, மாமியார் கோவிலுக்கு. பாலுக்கு வேறு மூடி போட்டுவிட்டு அந்தத் தட்டைக் கழுவினேன். விளிம்பில் என் பெயர். கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த, பெயர் வெட்டிய செட்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். ஆவி பறக்கப் பொங்கல், நடுவில் குழி, குழி நிறைய நெய். ஊட்டவில்லை, கூப்பிடவில்லை. கடமைக்கு ஒரு வாய், இன்னொரு வாய். ருசி எதுவும் தெரியவில்லை.

அம்மு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தட்டு ஓரத்தில் கையை வைத்தாள்.

"சூடு!"

உதறினாள். அழவில்லை. ஓரத்தில் ஆறியதை இழுத்து விட்டேன். அள்ளினாள். பாதி சட்டையில், பாதி வாயில். விழுங்கினாள். மறுபடி. மிளகை மட்டும் துப்பினாள்.

நான் அசையவில்லை. அசைந்தால் நின்றுவிடும் என்று பயம்.

பிறகு முழு முந்திரி ஒன்று அவள் கையில். தொண்டையில் சிக்கினால்? பிடுங்கினேன். தெருவே கேட்கும்படி கத்தினாள். நசுக்கிப் பாதி கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். மீதிப் பாதியை என் உள்ளங்கையிலிருந்து எடுத்து என் வாயில் திணித்தாள், கொஞ்சம் பொங்கலும் சேர்த்து.

புதன்கிழமை எடை என்ன வருமோ தெரியாது.

பொங்கலில் உப்பு ஒரு கல் தூக்கல். ரகு சொல்லவே இல்லை.